ஒரு மீட்டரில் மூன்று அடுப்புகள்

கேள்வி: நாங்கள் மட்டக்குளியில் ஒரு தோட்டத்துக்குள், நெருக்கமான வரிசை வீடுகளில் ஒன்றில், வாடகைக்கு இருக்கிறோம். கணவர் புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்கிறார். மாதம் 35,000 ரூபா கையில் கிடைக்கிறது. நான் காலையில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்து 15,000 ரூபா பெறுகிறேன். பதினான்கு வயதில் மகள், எட்டு வயதில் மகன், பத்து மாதக் கைக்குழந்தை, எழுபத்துமூன்று வயதான மாமியார் என்று வீட்டில் ஆறு பேர். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணத்துக்கு விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை. விசாரித்தபோது கரண்ட் பில் அதிகம் என்றார்கள். அந்த மீட்டரில் எங்களோடு இன்னும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. மாமியாரின் பெயர் ஹட்டனில் மூத்த மகன் வீட்டுப் பதிவில் இருக்கிறதாம். இரண்டு பேரும் உழைத்துக்கொண்டு அரசாங்கத்திடம் கேட்பது வெட்கம் என்று கணவர் சொல்கிறார். மாதக் கடைசி வாரத்தில் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறோம். நான் என்ன செய்வது?

ஒரு வாசகி, கொழும்பு 15

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். ஒரு நேரச் சாப்பாட்டைக் "குறைத்துக்கொள்கிறோம்" என்று எல்லோரையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்களே தவிர, குறைத்துக்கொள்வது யார் என்று எழுதவில்லை. சமூக சேவை உத்தியோகத்தராக இருபத்தெட்டு ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அநேகமான வீடுகளில் அது தாய்தான். பத்து மாதப் பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டு, விடியற்காலையில் எழுந்து இன்னொருவருடைய கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் ஒருவர் வெறும் தேநீரோடு பகலைக் கழிப்பது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. அதனால் உங்கள் கேள்விக்கு வரிசைப்படி விடை சொல்வதோடு, விடை கிடைக்கும்வரை காத்திராமல் இந்த வாரமே செய்யக்கூடியவற்றையும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணவரின் வெட்கத்தைப் பற்றி. அதை நான் குறைத்து மதிக்கவில்லை. நாள் முழுவதும் கம்பிக் கட்டுகளைத் தூக்கி இறக்கிவிட்டு வரும் ஒருவருக்கு, "உதவிப் பணம்" என்ற சொல் தன் உழைப்பைக் கேள்வி கேட்பது போலத் தோன்றுவது இயல்பே. ஆனால் இந்த நாட்டில் உணவுக்கான அரச உதவி, வேலையில்லாதவர்களுக்கு மட்டுமென்று ஒருபோதும் இருந்ததில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942 இல் தொடங்கிய பங்கீட்டு அரிசிக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவரும் ஒரே விதமான கூப்பன் புத்தகத்தோடுதான் வரிசையில் நின்றார்கள். 1953 இல் அந்த அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டபோது, ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் செய்தவர்கள் உழைக்கும் மக்கள். அதே ஆண்டில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. பின்னர் 1979 இல் உணவு முத்திரை வந்தது, 1989 இல் ஜனசவிய, 1995 இல் சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும. பெயரும் கணக்கும் மாறினவே தவிர, கூலி போதாத வீட்டுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. அந்தப் பணத்தில் உங்கள் பங்கும் இருக்கிறது. கடையில் வாங்கும் சவர்க்காரத்திலும் கைத்தொலைபேசிக்குப் போடும் ரீலோட்டிலும் நீங்கள் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இதை அவரோடு பேசும்போது ஒரு கணக்கையும் கடதாசியில் போட்டுக் காட்டுங்கள். உங்கள் இருவருடைய வருமானமும் 50,000 ரூபா. ஆறு பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு 8,333 ரூபா. ஒருவர் தன் அடிப்படைத் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ள மாதமொன்றுக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்ட வாரியாக வெளியிடும் வறுமைக்கோடு, 2024 ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பு மாவட்டத்தில் 17,000 ரூபாவைத் தாண்டியிருந்தது. நாட்டிலேயே ஆகக் கூடிய தொகை நமது மாவட்டத்துக்கு உரியதுதான். உங்கள் வீட்டின் ஆறு பேருக்கு அந்தக் கோட்டைத் தொடவே ஒரு லட்சத்து இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். நீங்கள் அதன் பாதியில் நிற்கிறீர்கள். இது ஊதாரித்தனத்தால் வந்ததுமல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. அதற்குப் பின் விலை ஏறும் வேகம் தணிந்தது, ஆனால் ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, சம்பளமும் அதற்கு ஈடாக ஏறவில்லை. இந்தக் கணக்கைப் பார்த்த பின்பும் அவருக்குத் தயக்கம் இருந்தால், விண்ணப்பத்தைப் பிள்ளைகளின் பெயரால் செய்வதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

இனி, விண்ணப்பம் ஏன் தவறிப்போனது என்பதற்கு வருகிறேன். வேலை செய்வதால் அஸ்வெசும கிடைக்காது என்று உங்கள் தோட்டத்தில் யாராவது சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம். அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபை, கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டு வசதி, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 அளவுகோல்களை வைத்து வீட்டுக்குப் புள்ளி போடுகிறது. தொழிலும் வருமானமும் அவற்றில் சேருமே தவிர, அவை மட்டும் தீர்ப்பு எழுதுவதில்லை. அந்தப் புள்ளியைப் போடுவது ஒரு கணினி முறைமை. அதற்கு உங்கள் முகம் தெரியாது, உங்கள் அடுப்பில் என்ன வேகிறது என்பதும் தெரியாது. வீட்டுக்கு வந்த உத்தியோகத்தர் எதைப் பதிந்தாரோ அது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் வீட்டின் உண்மை நிலை அந்தப் பதிவில் இருக்கும்படி செய்வது. உங்கள் விடயத்தில் பதிவு இரண்டு இடங்களில் பிழைத்திருக்கிறது: ஒன்று மின்மானி, மற்றது மாமியாரின் பெயர்.

மின்மானிச் சிக்கல் கொழும்பு வடக்கில் நான் நூறு தடவைக்கு மேல் பார்த்தது. ஒரு வீட்டைப் பலகை அடித்து மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். மின்மானி வாசலில் ஒன்றே ஒன்று. அதிலிருந்து மூன்று வயர்கள் உள்ளே போகின்றன. மாதம் பிறந்ததும் வீட்டுச் சொந்தக்காரர் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்து, யார் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, யார் வீட்டில் மின்விசிறி மட்டும்தான் என்று பார்த்து மூன்றாகப் பிரிக்கிறார். விண்ணப்பப் படிவமோ மின்கணக்கு இலக்கத்தைக் கேட்கிறது. மூன்று குடும்பங்களும் அதே இலக்கத்தை எழுதுகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் மாதம் 55 அலகு பாவித்தாலும் கணக்கில் தெரிவது 165 அலகு. மூன்று வீட்டுப் பாவனையும் ஒரு வீட்டின் தலையில் விழுந்து, அது வசதியான வீடாகத் தோன்றிவிடுகிறது. இதில் உங்களுக்கு இன்னொரு நட்டமும் இருக்கிறது. வீட்டுப் பாவனை மின்கட்டணம் அலகு கூடக் கூட வகுப்பு வகுப்பாக ஏறுவது. தனித்தனி மின்மானி இருந்திருந்தால் 60 அலகுக்குள் நிற்கும் மூன்று குடும்பங்களும் குறைந்த வகுப்பில் கட்டியிருப்பீர்கள். சேர்ந்திருப்பதால் மூவருமே உயர்ந்த வகுப்பில் கட்டுகிறீர்கள்.

இதைத் திருத்துவதற்கு மூன்று கடதாசிகள் வேண்டும். முதலாவது, வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம். அதில் மின்கணக்கு இலக்கம், அந்த இலக்கத்தில் மின்சாரம் பெறும் குடும்பங்கள் எத்தனை, ஒவ்வொரு குடும்பத் தலைவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் என்ன என்பவை இருந்தால் போதும். வாடகை எவ்வளவு என்று எழுதத் தேவையில்லை; சொந்தக்காரர்கள் தயங்குவது பெரும்பாலும் அதற்காகத்தான் என்பதால், கடிதத்தை நீங்களே எழுதிக்கொண்டுபோய் வாசித்துக் காட்டி ஒப்பம் கேளுங்கள். மற்ற இரண்டு குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, ஏனென்றால் இதே பிழை அவர்களையும் பாதித்திருக்கும். இரண்டாவது, கடைசி ஆறு மாதங்களின் மின்பட்டியல் பிரதிகள். ஓரத்தில் உங்கள் பங்கை எழுதிக் கொடுத்த துண்டுகள் இருந்தால் அவற்றையும் சேருங்கள். மூன்றாவதுதான் முக்கியமானது: மூன்று குடும்பங்களும் தனித்தனி அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் தனித்தனிக் குடும்பங்கள் என்று கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தும் கடிதம். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தனியாகச் சமைத்து உண்பவர்கள் தனிக் குடும்பம் என்பது குடிசன மதிப்பில் நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் முறை. நீங்கள் புதிதாக ஒரு சலுகை கேட்கவில்லை. முடிந்தால் சொந்தக்காரரின் சம்மதத்தோடு தனி மின்மானிக்கும் விண்ணப்பியுங்கள், ஆனால் அது கிடைக்கும்வரை மேன்முறையீட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

நான் வேலை செய்த காலத்தில் ஒரு பிரிவில் நடந்ததைச் சொல்கிறேன். தகவல் திரட்டப் போன ஒருவர் மழைக்காலச் சேற்றுக்குப் பயந்து ஒழுங்கையின் வாயிலிலேயே நின்றுகொண்டு, முன்வீட்டுப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு ஒன்பது வீடுகளின் படிவங்களையும் நிரப்பியிருந்தார். முன்வீடு சீமெந்துச் சுவர், ஓட்டுக் கூரை, உள்ளே தண்ணீர்க் குழாய். ஒன்பது படிவங்களிலும் அதே சுவர், அதே கூரை, அதே குழாய். பின்வரிசையில் தகரம் அடித்த அறையில் இருந்த ஒரு கிழவிக்கு ஏன் பணம் நின்றது என்று தேடிப் போனபோதுதான் இது வெளிவந்தது. அதைத் திருத்த ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களை அந்த அம்மா எப்படிக் கழித்தார் என்பதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் வீட்டைப் பற்றிப் பதிவில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். விண்ணப்பித்தபோது உங்கள் குடும்பத்துக்கு ஓர் இலக்கம் கொடுத்திருப்பார்கள். அதையும் அடையாள அட்டையையும் கொண்டு பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவுக்குப் போய், "எங்கள் வீட்டைப் பற்றி என்ன பதியப்பட்டிருக்கிறது என்று வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கூரை, சுவர், மலசலகூடம், வாகனம், காணி, தொழில், நோய், பாடசாலைப் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றையும் கேட்டு, பிழையானதைக் குறித்துக்கொள்ளுங்கள். கணவர் பாவிக்கும் முதலாளியின் மோட்டார் சைக்கிள் சொந்த வாகனமாகப் பதியப்பட்டிருந்த வீடுகளையும் கண்டிருக்கிறேன். நேரில் போக முடியாத நாளில் சபையின் 1924 என்ற இலக்கத்துக்கு அழைத்து, உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்கலாம்.

மாமியாரின் பெயர் சற்று மென்மையாகக் கையாள வேண்டிய விடயம். ஒருவருடைய அடையாள அட்டை இலக்கம் ஒரு குடும்பத்தில்தான் இருக்க முடியும். மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பங்களில் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு. ஆள் இங்கே, பெயர் அங்குள்ள லய வீட்டில். அவர் ஹட்டன் பதிவில் இருக்கும்வரை கணினிக்கு உங்கள் வீடு ஐந்து பேருள்ள வீடு, அதுவும் முதியவர் இல்லாத வீடு. ஆனால் பெயரை மாற்றுவதற்கு முன் மூத்தவரோடு பேசிக்கொள்ளுங்கள். அவர்கள் அஸ்வெசும பெறுபவர்களாக இருந்தால், அம்மாவின் பெயர் நீங்குவது அவர்களுடைய புள்ளியைப் பாதிக்கக்கூடும். அவர்களுக்குத் தெரியாமல் செய்தால் நாளைக்குக் குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வரும், அம்மாதான் நடுவில் நின்று வருந்துவார். என்னுடைய கருத்தைக் கேட்டால், அவர் எங்கே படுத்து எங்கே சாப்பிடுகிறாரோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும். இரண்டு மாதம் அங்கே, பத்து மாதம் இங்கே என்றால் இங்கே. அங்குள்ள கிராம உத்தியோகத்தரிடம் அவர் அந்த வீட்டில் வசிக்கவில்லை என்ற கடிதத்தையும், இங்குள்ளவரிடம் வதிவிடச் சான்றிதழையும் பெற்று, இரண்டு பிரதேச செயலகங்களுக்கும் அறிவியுங்கள். அவருக்கு அடையாள அட்டை இருக்கிறதா, அதிலுள்ள பெயரும் பிறந்த ஆண்டும் சரியா என்பதையும் இப்போதே பாருங்கள். மலையகத் தோட்டங்களில் பிறந்த முதியவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் எல்லாமே தடைப்பட்டு நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வருமானத்தை உள்ளபடியே எழுதுங்கள். 50,000 என்பதை 20,000 என்று எழுதச் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். பொய்த் தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் உண்மையான தகுதியும் சேர்ந்து போய்விடும், பெற்ற பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இடமுண்டு. மேலே போட்ட கணக்கின்படி நீங்கள் குறைத்து எழுத வேண்டிய அவசியமே இல்லை. விண்ணப்பத்துக்கோ மேன்முறையீட்டுக்கோ எந்தக் கட்டணமும் கிடையாது. யாராவது ஐந்நூறு, ஆயிரம் கேட்டால் கொடுக்க வேண்டாம். கணவரின் முதலாளியிடம் சம்பளக் கடிதம் ஒன்று வாங்குங்கள். அதை வாங்கும்போது, ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டப்படுகிறதா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்ட வேண்டிய அந்த நிதியில் அவர் பெயரே இல்லையென்றால், மாதம் 4,200 ரூபா முதலாளியிடமிருந்து அவருக்குச் சேராமல் போகிறது என்று பொருள். அது வேறொரு நாள் எழுத வேண்டிய விடயம், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மேன்முறையீட்டைப் பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினால் ஓரத்தில் போட்டுவிடுவார்கள் என்று நம்மவர்கள் பயந்து, தெரியாத சிங்களத்தில் யாரையோ கொண்டு எழுதுவித்து, என்ன எழுதப்பட்டிருக்கிறது என்றே அறியாமல் ஒப்பமிடுகிறார்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்வதும் தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தரும் உரிமை. கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

"மேற்படி இலக்கமுடைய எமது விண்ணப்பம் தெரிவுசெய்யப்படவில்லை. எமது வீட்டின் மின்பாவனையாகப் பதியப்பட்டிருப்பது தனித்தனியாகச் சமைத்து உண்ணும் மூன்று குடும்பங்களின் மொத்தப் பாவனையாகும். வீட்டு உரிமையாளரின் கடிதமும் ஆறு மாத மின்பட்டியல்களும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. எம்முடன் வசிக்கும் 73 வயதான தாயாரின் பெயர் வேறொரு பிரதேச செயலகப் பிரிவில் பதியப்பட்டுள்ளதால் எமது குடும்பத்தில் சேர்க்கப்படவில்லை. ஆறு பேர் கொண்ட எமது குடும்பத்தின் மாத வருமானம் 50,000 ரூபா. எமது வீட்டை மீண்டும் நேரில் பார்வையிட்டுத் தகவல்களைத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் "நேரில் பார்வையிட்டு" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். கஷ்டத்தை விவரித்து இரண்டு பக்கம் எழுதுவதைவிட, எந்தத் தகவல் பிழை, அதற்குச் சான்று எது என்று இரண்டு வரியில் எழுதுவதே வேலைக்காகும்; மேசையில் கட்டுக் கட்டாகக் கோவைகளை வைத்துக்கொண்டு வாசித்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். 2023 இல் முதல் பெயர்ப்பட்டியல் வெளியானபோது ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் வந்து குவிந்தன என்பதையும் நினைவில் வையுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். மேன்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டது என்று சொன்னால், தகவல் புதுப்பித்தலாகவோ அடுத்த சுற்றுக்கான விண்ணப்பமாகவோ அதையே ஏற்கும்படி கேளுங்கள். காலக்கெடுக்கள் குறுகியவை, கிராம உத்தியோகத்தரின் அலுவலகக் கதவில் ஒட்டும் அறிவித்தல்களை வாரம் ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு, எமது குடும்பம் தெரிவுசெய்யப்படாமைக்கான காரணமும் பதியப்பட்ட தரவுகளின் பிரதியும் வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தால், தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். இது சண்டைக்குப் போவதல்ல. அநேகமான உத்தியோகத்தர்கள் நல்லவர்கள், தலைக்கு மேல் வேலையுள்ளவர்கள். திகதியிட்ட ஒரு கேள்வி முன்னால் இருந்தால் அந்தக் கோவை மேலே வரும்.

கிடைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாவும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவும் என்று உயர்த்தப்பட்டது; அதற்கு முன் 8,500, 15,000 என்று இருந்தது. இவற்றுக்கு மேலுள்ள இரண்டு வகுப்பினருக்கு அப்போது 5,000 ரூபா, அதுவும் குறித்த காலத்துக்கு மட்டும் என்று இருந்தது. நீங்கள் எந்த வகுப்பில் வருவீர்கள் என்று ஊகம் சொல்லி உங்களுக்கு நம்பிக்கையூட்ட நான் விரும்பவில்லை. பணம் இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி போன்ற வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கு உங்கள் பெயரில் இருப்பது நல்லதென்பது என் அபிப்பிராயம். அந்தக் கணக்கின் அட்டையைக் கடன் கொடுத்தவரிடம் ஈடாக வைக்கும் வழக்கம் சில தோட்டங்களில் இருக்கிறது. எந்த நெருக்கடியிலும் அதைச் செய்ய வேண்டாம்.

இவையெல்லாம் மாதக்கணக்கில் இழுபடலாம். அதுவரைக்கும் அஸ்வெசுமவோடு சம்பந்தப்படாமல் கிடைக்கக்கூடியவற்றைப் பாருங்கள்.

மகன் எட்டு வயது என்றால் ஆரம்பப் பிரிவில் இருப்பான். 2024 மார்ச்சிலிருந்து அரசாங்கப் பாடசாலைகளில் தரம் 1 முதல் 5 வரையுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பகலுணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டிருக்கிறது. அவனுடைய பாடசாலையில் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா, அவன் சாப்பிடுகிறானா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். சில பிள்ளைகள் வெட்கத்தால் பெட்டியைத் திறக்காமல் கொண்டுவருவதுண்டு. பதினான்கு வயது மகளுக்கு அத்தகைய திட்டம் இல்லை. வளரும் வயதுப் பெண்பிள்ளைக்குத்தான் தேவை கூட, கிடைப்பது குறைவு. மகன் பாடசாலையில் சாப்பிடும் நாட்களில் வீட்டிலுள்ள முட்டையோ பருப்போ அவளுக்கும் உங்களுக்கும் போகட்டும். ஆண்பிள்ளைக்கு முதலில் என்ற பழக்கம் வீட்டில் இருந்தால் அதை இந்த ஒரு விடயத்திலாவது மாற்றிக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு எழுபது வயது கடந்துவிட்டதால், குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான கொடுப்பனவுக்கு அவர் விண்ணப்பிக்கலாம். 2025 இன் வரவு செலவுத் திட்டத்தில் அது 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் விசாரியுங்கள். இங்கும் பெயர் எங்கே பதிவாகியிருக்கிறது என்ற கேள்வியே முதலில் வரும். ஹட்டனில் அவர் பெயரால் ஏற்கெனவே யாராவது பெற்றுக்கொண்டிருக்கிறார்களா என்பதையும் மூத்தவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

கைக்குழந்தைதான் என் முதற்கவலை. பாலூட்டும் தாய்க்குப் பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரை திரிபோஷா என்ற சத்துமா கிடைக்கும்; உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் நிறை போதாவிட்டால் பிள்ளைக்கே கொடுப்பார்கள். இது 1973 இலிருந்து நடக்கும் திட்டம், சல்லிக்காசு செலவில்லை, அஸ்வெசும பெறுகிறீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாதம் 750 கிராம் பைக்கற்றுகள் இரண்டு தருவார்கள். நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் ஒரு பைக்கற் 15 நாளுக்கு என்பது கணக்கு. சோளமும் சோயாவும் ஏற்கெனவே பதப்படுத்தப்பட்ட மா என்பதால் நெடுநேரம் அவிக்கத் தேவையில்லை. கைக்குழந்தைக்குக் கட்டியில்லாமல் கூழாகக் கரைத்துக் கொடுங்கள். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும், அதனால்தான் பைக்கற் ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. மற்றப் பிள்ளைகள் கேட்டால் மனம் கேட்காது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த 50 கிராமைக் காலையிலேயே அளந்து, கைக்குழந்தைக்கென்று தனியாக எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு இருக்கும் போஷாக்குக் கொடுப்பனவு, 2015 இல் மாதம் 2,000 ரூபா வீதம் பத்து மாதங்களுக்கென்று தொடங்கிப் பின்னர் கூட்டப்பட்டது. உங்கள் தோட்டத்தில் யாராவது கருவுற்றிருந்தால், முதல் மாதங்களிலேயே குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ளும்படி சொல்லுங்கள். பிந்திப் பதிபவர்கள் இழப்பது அந்த மாதங்களின் பணத்தை.

மாநகர சபையின் தாய் சேய் கிளினிக் நடக்கும் நாள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலைக்குப் போவதால் கடைசி இரண்டு மாதமும் போகவில்லையென்றால், ஒரு நாள் காலை வேலையை விட்டாவது, முடியாவிட்டால் மாமியாரிடம் கொடுத்தனுப்பியாவது, பிள்ளையின் நிறையை இந்த மாதமே பார்த்துவிடுங்கள். கிளினிக் புத்தகத்தில் வளர்ச்சிக் கோடு மேலே போகாமல் சமமாகக் கிடக்கிறதா, பச்சைப் பட்டையிலிருந்து கீழே இறங்குகிறதா என்று அங்குள்ள தாதியிடம் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் சாப்பாட்டைக் குறைப்பவர் நீங்களாக இருந்தால் அதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். புத்தகத்தின் அந்தப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்து மேன்முறையீட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்திலிருந்து பதில் வந்ததும், வந்த கடிதத்தை எனக்கு எழுதியனுப்புங்கள். அடுத்தது என்ன என்று சேர்ந்து பார்ப்போம்.